எல்லோராலும் முடியும்

ஏரிக்கு வருகிறவர்களுக்குக் கைத்தடியும் நல்ல காலணியும் வாடகைக்குக் கொடுக்கிற கடை என்னுடையது. நுழைவு கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலைப்பாதையில் நடக்கப் போகிறேன் என்று ரப்பர் செருப்போடு வந்து நிற்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வியாபாரமாயிற்றே, சிரித்துத்தான் ஆகவேண்டும். இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இத்தனை காலமாக நான் வேடிக்கை பார்த்தது ஏரியை விட பச்சையைத்தான் அதிகம். பச்சை என்றால் நிறமில்லை, ஒரு பெண்.

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று கண்டிப்பாக இருக்கும். படகுக்காரர்கள் முதல் ஏரி மேனேஜர் வரை யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏரியைச் சுற்றிப் போகிற நடைபாதைகளுக்கு நிறம் அடிப்பது அவள் வேலை. பாதை பிரிகிற இடமெல்லாம் ஒரு மரத்திலோ பாறையிலோ பட்டையாக ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மூச்சு வாங்கும், மலையேறிப் பழகியவர்கள் மட்டும். நீலம் என்றால் தினமும் நடக்கிற ஆளாக இருக்கவேண்டும். பச்சை என்றால் யார் வேண்டுமானாலும் போகலாம். மழைக்காலம் முடிந்ததும் பாறைமேல் படிந்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பாள். போகிறவர்களுக்கு ஒரு பக்கம், திரும்பி வருகிறவர்களுக்கு மறுபக்கம். இதை மறந்துவிட்டால் ஆட்கள் போவார்கள், வரமாட்டார்கள் என்பாள்.

அவள் வருவதற்கு முன்னால் எந்தப் பாதைக்கு எந்த நிறம் என்பதை மேனேஜர் ஆபீசில் உட்கார்ந்தபடியே தீர்மானித்துக்கொண்டிருந்தார். நீளம் இத்தனை, ஏற்றம் இத்தனை, முடிந்தது. பச்சைக்கு அது பிடிக்கவில்லை. "மீட்டர் கணக்கு காலுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, ஏரிக்கு வார விடுமுறை, நான் கடையில் ஷூ துடைத்து வைக்கிற நாள், தன் அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

அக்காவுக்கு ஒரு கால் சின்ன வயதிலிருந்தே குட்டை. அந்தக் காலுக்கு மட்டும் அடி கனமான ஷூ போட்டிருப்பாள். தையல்காரி. கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் தங்கையோடுதான் இருக்கிறாள். வாய் மட்டும் கத்தரிக்கோல். "இவ பெயின்ட் அடிக்க நான் நடக்கணுமாம். சம்பளம் மட்டும் இவளுக்காம். நல்லா இருக்கா நியாயம்?" என்று என்னிடம் முறையிட்டுவிட்டு உள்ளே போவாள். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குகிறவள் போல இருக்கும்.

பச்சையின் முறை ரொம்ப எளிமையானது. அக்காவோடு பாதை முழுக்க நடப்பாள். முடிவில் "முடிஞ்சுதா அக்கா?" என்று கேட்பாள். அக்கா "முடிஞ்சுது" என்றால் பச்சை. அக்காவால் முடிந்தால் எல்லோராலும் முடியும். கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் பச்சைப் பட்டைக்கு எதிரே அதையே எழுதியும் வைத்தாள்: எல்லோராலும் முடியும். நாங்கள் எல்லோரும் மெச்சினோம். நானும்தான். மேனேஜர் போகிற இடமெல்லாம், பச்சைப் பாதை எங்கள் ஏரியில்தான் ஜாஸ்தி என்று வாய் வலிக்காமல் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்கா என் கடையில் ஒருநாளும் தடி எடுத்ததில்லை. "தடி பிடிச்சா கிழவின்னு சொல்லிடுவாங்க" என்பாள். அதற்குப் பதிலாக மழையோ வெயிலோ நீளமாக ஒரு குடை கொண்டு வருவாள். ஒருமுறை என்னிடம் தடியின் அடியில் மாட்டுகிற ரப்பர் மூடி ஒன்று வாங்கிக் குடைக்கு மாட்டிக்கொண்டாள்.

"குடைக்கு எதுக்குக்கா ரப்பரு?" என்று கேட்டேன்.

"தரையில கீறல் விழக்கூடாதுல்ல" என்றாள்.

மலையில் என்ன தரை, என்ன கீறல்? எனக்கு உறைக்கவில்லை. சிரித்துவிட்டுக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மதகுப் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஏரித் தண்ணீர் வெளியேறுகிற மதகுக்குப் பக்கத்தில் கல்படி ஏறி, மேட்டில் கொஞ்ச தூரம் போய், மறுபக்கம் இறங்கும். நீளம் ஒன்றும் பெரிதில்லை. படிதான் உயரம் உயரமாக இருக்கும், கைப்பிடி கிடையாது. அது ஆரம்பத்திலிருந்தே நீலம். இந்த வருடம் மேனேஜருக்கு ஆசை வந்துவிட்டது. இன்னும் ஒரு பச்சை இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். பச்சையும் தலையாட்டினாள். ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவைக் கூட்டிப்போனாள்.

அன்று மேலே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். பாதிப் படியில் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாளாம். அக்கா பேச்சை நிறுத்துவது லேசுப்பட்ட விஷயமில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது உதட்டில் பல் பதிந்திருந்ததாம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததாம். எப்போதும் போல இவள், "அக்கா, அந்த மரத்தைப் பாரு" என்று ஏரியைக் காட்டியிருக்கிறாள். எப்போதும் போல அவள், "பாத்தேன் பாத்தேன்" என்றிருக்கிறாள்.

"முடிஞ்சுதா அக்கா?"

"ஏறிட்டேன்ல? முடிஞ்சுது."

பச்சை அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்தும் டப்பாவைத் திறந்தாள். நீலத்தின்மேல் பச்சையைப் பூசினாள். அடியிலிருந்த நீலம் தெரிந்ததால் இன்னொரு கை பூசினாள். "அந்த ரெண்டாவது கை பூசும்போது எனக்குத் தெரியும்" என்றாள் என்னிடம். "நல்லாவே தெரியும். ஆனா அவளேதான சொன்னா, நமக்கென்னன்னு பூசிட்டேன்."

அதன்பிறகும் மிச்சப் பட்டைகளை அடிக்கச் சில செவ்வாய்க்கிழமைகள் அக்காவும் தங்கையும் மதகுப் பாதையிலேயே நடந்தார்கள். அப்படி நடந்த ஒரு செவ்வாய்க்கு மறுநாள்தான் தபால்காரர் வந்தார்.

ஓய்வு பெற்ற தபால்காரர். வாழ்நாள் முழுக்க நடந்தே கடிதம் கொடுத்தவராம், சைக்கிள் கொடுத்தபோதுகூட வேண்டாம் என்றவராம். இதையெல்லாம் அவர் மகள் என் கடையில் தடிக்கு அளவு பார்க்கும்போது சொன்னாள். ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு படுக்கையில் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். முதல்முறையாக வெளியே கூட்டி வந்திருக்கிறாள். காலையிலேயே ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாராம்.

"மதகுப் பாதை பச்சைதானேம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"கண்ணை மூடிட்டுப் போகலாம் ஐயா" என்றேன். இந்த வாயை என்ன செய்தால் தகும்?

திரும்பி வரும்போது அவர் நடந்து வரவில்லை. நடுப்படியில் நின்றவருக்கு ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கால் வெடவெடவென்று ஆடியிருக்கிறது. மகள் தாங்கிப் பிடித்துக்கொண்டு கத்தியதைக் கேட்டு இரண்டு படகுக்காரர்கள் ஓடினார்கள். டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுற்றிலும் கூட்டம். மனிதர்களா இவர்கள், நாலு பேர் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் வராந்தாவில் இறக்கினார்கள். பச்சை தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மகள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரு இதுக்குப் பச்சை அடிச்சது? எல்லாராலும் முடியும்னு யாரு எழுதுனது?"

பச்சை வாயைத் திறப்பதற்குள் தபால்காரர் கையை உயர்த்தினார்.

"பாப்பா, சத்தம் போடாத. அவங்க என்ன பண்ணுவாங்க? எல்லாரும் போற பாதை. எல்லாரும் போயிட்டுத்தான் வர்றாங்க. என்னாலதான் முடியல." பிறகு பச்சையைப் பார்த்தார். "மன்னிச்சுக்கம்மா. உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்."

பச்சை என்ன சொல்லியிருக்கவேண்டும்? நீங்கள் மன்னிப்புக் கேட்கிற வேலையே இல்லை, தப்பு நிறத்தில்தான் என்று ஒரு வார்த்தை. அவள் சொன்னது: "பரவாயில்லைங்க ஐயா."

கிளம்புமுன் அவர் என் தடியை மறக்காமல் திருப்பிக் கொடுத்தார். அடியில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். நடக்க வந்தவர் நடக்கமுடியாதவராக வண்டியில் ஏறிப் போனார்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, புகார்னு எதுவும் குடுக்கல" என்றார். பச்சை என் கடைக்கு வந்து ஷூ பெட்டிமேல் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவரு எங்கிட்ட மன்னிப்பு கேக்கறாரு. நான் வாங்கி வச்சுக்கிட்டேன். வாங்கி வச்சுக்கிட்டேன்!"

எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. "வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னேன்.

அன்று அவள் வழக்கத்துக்கு மாறாகப் பகலிலேயே வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததையும் பிற்பாடு அவளேதான் சொன்னாள். வீட்டின் முன்னறைதான் அக்காவின் தையல் கடை. ஜன்னலோரம் கால்மெஷின், சுவரில் கொக்கிகளில் தைத்து முடித்த துணிகள், மூலையில் வெட்டுத்துணி மூட்டை. வாசலில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், துணி ரெடியாகலயா?"

"என் மேலதான் தப்பு. இன்னிக்குப் புதன்கிழமைங்கறத மறந்துட்டேன். புதன்கிழமை உங்க அக்கா மெஷின்ல உக்கார மாட்டாங்களே. பட்டன், ஓரம்னு கை வேலை மட்டும்தான செய்வாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டாள்.

பச்சைக்குச் சுருக்கென்றது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருக்கிறவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றும் சொல்லமுடியாது. புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது மெஷின் சத்தம் கேட்காமலிருப்பதை அவள் எத்தனையோ தடவை கவனித்திருக்கிறாள். அப்பாடா, இன்றைக்கு அமைதியாக இருக்கிறது என்று காலை நீட்டிப் படுத்திருக்கிறாள்.

உள்ளே அக்கா கட்டில் ஓரமாக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து தரை வரை ஒரு பழைய திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. தங்கையைக் கண்டதும் பதறினாள். "என்னடி இந்நேரத்துல?"

பச்சை பேசாமல் குனிந்து திரைச்சீலையைத் தூக்கினாள். பக்கெட்டில் ஆவி பறக்கிற வெந்நீர். அதற்குள் அந்தக் கால். கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஷூவின் விளிம்பு அழுத்திய இடத்தில் தோல் வழன்றிருந்தது.

"எத்தனை நாளா அக்கா இப்படி?"

"நேத்து கொஞ்சம் ஜாஸ்தி நடந்துட்டோம்ல. அவ்வளவுதான். துணியைப் போடு, சூடு போயிடும்."

"வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "வலிக்குதான்னு நீ எப்பக் கேட்ட? முடியுமா முடியுமான்னுதான கேட்ட. முடிஞ்சுது. பொய் ஒண்ணும் சொல்லலையே."

பச்சைக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முதலில் வெளியே வந்தது. "உன்னை நம்பி ஊருக்கெல்லாம் பச்சை அடிச்சிருக்கேன்! இன்னிக்கு ஒரு பெரியவரை நாற்காலியில தூக்கிட்டு வந்தாங்க. அவரு எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. எல்லாம் உன்னால!"

சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னாலயா? சரி, என்னாலன்னே வச்சுக்க. சின்ன வயசுல எங்க கிளம்பினாலும் அப்பா என்ன சொல்லுவாரு, ஞாபகம் இருக்கா? 'பெரியவ வீட்டைப் பாத்துக்கட்டும்.' நீங்கல்லாம் போயிட்டு வருவீங்க. நான் வீட்டைப் பாத்துக்குவேன். வீடு எங்கடி ஓடிப்போகப் போகுது? அப்பறம் நீ வந்து, அக்கா நீதான் வரணும், நீ இல்லாட்டி இந்த வேலையே நடக்காதுன்னு சொன்ன. என்னை அப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? மறுபடி வீட்டைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருப்ப."

பச்சை தரையில் உட்கார்ந்துவிட்டாள். இல்லை, அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் விட்டுவிட்டுத்தான் போயிருப்பாள். நல்ல எண்ணத்தில்தான் போயிருப்பாள். அதை நினைக்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மதகுப் படியில் அந்த உதட்டைப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அக்கா" என்றாள். "உன் முகத்தைப் பாத்தேன். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

அக்கா பட்டனை எடுத்தாள். "வெந்நீர் ஆறிடுச்சு. போட்டுக் கொண்டா" என்றாள். அன்று முழுக்க அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை பச்சை நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். பச்சைப் பாதைகள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கவேண்டும், பெரும்பாலானவை நீலமாகும் என்றாள். மேனேஜர் துள்ளிக் குதித்தார். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே, என் மானம் என்ன ஆவது என்றார். "உங்க மானத்தை நான் நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வரேன் சார்" என்றாளாம் இவள். எனக்குக் காது குளிர்ந்தது.

நீல டப்பாவோடு கிளம்பினாள். பலகையில் எல்லோராலும் முடியும் என்ற வரியைச் சுரண்டி எடுத்தாள். அந்த இடத்தில், பாதையில் என்ன இருக்கிறதோ அதை எழுதினாள். படிகள் உண்டு, கைப்பிடி இல்லை. வேர்கள் உண்டு. உட்கார இடமில்லை. யாரால் முடியும், யாரால் முடியாது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதை அவரவர் கால் சொல்லிக்கொள்ளட்டும் என்றாள்.

மிச்சமிருந்தது தபால்காரர். தடி எடுக்கும்போது மகள் என் நோட்டில் எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கே போனாள். நானும் கூடப் போனேன், கண்ணை மூடிக்கொண்டு போகச் சொன்னவள் நான்தானே. அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஏரிக்கு வந்துபோன பிறகு வாசல்படி தாண்டவில்லையாம், ஷூவை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டாராம்.

பச்சை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். படி உயரம் என்று தெரியும், அக்கா பட்ட பாடு தெரியும், தெரிந்தே அடித்தேன் என்று ஒன்றுவிடாமல்.

"அப்ப..." என்று இழுத்தார் தபால்காரர். "அது எல்லாரும் போற பாதை இல்லையா?"

"இல்லைங்க ஐயா."

"என் தப்பு இல்லையா?"

"இல்லைங்க ஐயா. என் தப்பு. உங்ககிட்ட நான்தான் மன்னிப்பு கேட்டிருக்கணும்."

அவர் ஆரம்பித்தார் பாருங்கள். கிழி கிழியென்று கிழித்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. பொறுப்பிருக்கிறதா, மூளையிருக்கிறதா, நாலு பேர் முன்னால் என்னை மூட்டை மாதிரித் தூக்க வைத்தாயே என்று கைப்பிடியைத் தட்டித் தட்டித் திட்டினார். பச்சை தலையைக் குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. வாசலில் மகள் எங்கள் பின்னால் வந்தாள். ஷூவை இன்னும் கொடுக்கவில்லை, கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன் என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். குடையில்லை. என் கடைமுன் நின்று, "நல்லதா ஒரு தடி எடு. கிழவின்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும்" என்றாள்.

பச்சை இந்தமுறை முடியுமா என்று கேட்கவில்லை. "எங்க உக்காரணும்னு தோணுதோ அங்க சொல்லுக்கா" என்றாள். கரையோரப் பாதையில் கிளம்பினார்கள். கேட்டில் யாருமில்லாததால் நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் நடந்தேன். படகுக் கொட்டகையைத் தாண்டினோம். வளைவுகூட வரவில்லை, அக்கா நின்றுவிட்டாள்.

"இங்க."

பச்சை திரும்பி கேட்டைப் பார்த்தாள். ஓங்கிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். இத்தனை காலம் ஏரியைச் சுற்றிச் சுற்றி அக்காவை அழைத்துப் போனவள் அவள். கொட்டகையிலிருந்து ஒரு பெஞ்சை இழுத்து வந்து போட்டாள். அக்கா உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றிக் காலைப் புல்லில் நீட்டினாள். பச்சை பக்கத்துப் பாறையில் பச்சை டப்பாவைத் திறந்து பட்டை அடிக்க ஆரம்பித்தாள்.

"ஏய்" என்றாள் அக்கா.

"என்னக்கா? வலிக்குதா?"

"இல்ல. தண்ணிக்கு நடுவுல பாறை மேல ஒத்தை மரம் நிக்குதே. அது எப்ப வந்துச்சு?"

பச்சையின் கை பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு பாதையிலும், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவள் கை நீட்டிக் காட்டியது அந்த மரத்தைத்தான். பாத்தேன் பாத்தேன் என்று சொல்லிக்கொண்டு அக்கா தன் காலையும் அடுத்து வைக்கவேண்டிய கல்லையும் மட்டுமே பார்த்து நடந்திருக்கிறாள்.

"அது எப்பவும் அங்கதான்க்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பச்சை பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதடி, பெயின்ட் காயுது பாரு" என்றாள் அக்கா. ஆனால் அவள் பாறையைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.